கண்மணியின் காதில் விழுந்த வேப்பு

என் மனைவி கண்மணிக்கு இடது காது கொஞ்சம் மந்தம். பூக்கடைக்கு வருவதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இரைகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்ததில் வந்தது. அதற்காக யாரும் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். காதுதான் மந்தம், வாய் இல்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கடை வாசலில் நின்று அவள் "மல்லி, மல்லி" என்று ஒரு குரல் கொடுத்தால் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்து கேட்டுக்கொள்ளலாம்.

சரியாகக் காதில் விழாததை அவள் திரும்பக் கேட்க மாட்டாள். அதுதான் தொல்லை. விழுந்த வரைக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவளே கட்டிக்கொள்வாள். போன வருஷம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் போன் பண்ணி, "மேடம், ஓடிபி, ஓடிபி" என்று அவசரப்படுத்தியிருக்கிறான். இவளுக்கு அது "ஓடிப்போ" என்று கேட்டிருக்கிறது. "யாரைடா ஓடிப்போங்கிற? என் கடைக்கு போன் பண்ணி என்னையே ஓடிப்போகச் சொல்றியா? உன் வீடு எங்கடா இருக்கு?" என்று பிடித்துக்கொண்டாள். மோசடிக்காரன் அவன். பயந்துபோய் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொன்னால் கேட்பாளா? "எதுக்கு? நல்லாத்தான போய்க்கிட்டிருக்கு" என்கிறாள்.

பூவை அவள் முழம் போடும் அழகையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்குக் கை கொஞ்சம் குட்டை. வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருவார்கள். சண்டை முற்றினால் பக்கத்தில் கைபேசி பழுது பார்க்கிற ஜலாலுதீன் பாயைக் கூப்பிடுவாள். ஆறடி ஆள். அவர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகிக்கொண்டு வந்து, தன் நீளக் கையால் ஒரு முழம் அளந்து கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போவார். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைக்கு வந்ததுமே, "பாய் முழம் குடுங்க அக்கா" என்று கேட்கிறார்கள்.

இனி என்னைப் பற்றி. பெயர் பரமசிவம், நாற்பத்தேழு வயது, பிடோக்கில் பேருந்து ஓட்டுகிறேன். இந்த ஊரில் எங்களை பஸ் கேப்டன் என்பார்கள். கப்பல் ஓட்டுகிறவன் மாதிரி பெயர், ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருவர் என்னைத் திட்டுவார். பதினாலு வயதிலிருந்து சிகரெட் பிடிக்கிறேன். கண்மணி அதை என் சின்ன வீடு என்பாள். விட்டுவிடுகிறேன் என்று மகள் பிறந்த அன்று மருத்துவமனையில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். அதே மருத்துவமனைக்கு வெளியே வந்து, சத்தியம் பண்ணிய படபடப்பு அடங்க ஒன்று பற்றவைத்தேன். வேலையிலும் அதே கதைதான். பேருந்து முனையத்துக்கு வெளியே புகைப்பவர்களுக்கென்று மஞ்சள் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கிறது. நாங்கள் நாலைந்து கேப்டன்கள் அங்கே கூடுவோம். ஒருநாள் ஒருத்தர் பாக்கெட் நீட்ட வேண்டும். "இன்னிக்கு யார் டர்ன்?" என்பதுதான் எங்கள் காலை வணக்கம்.

எங்களுக்கு ஒரே மகள், ரக்ஷனா. பதினாலு வயது, உயர்நிலை இரண்டு. நன்றாகப் படிப்பாள், யாரிடமும் லேசில் பேச மாட்டாள். உயர்நிலை ஒன்று முழுக்க இடைவேளையில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். சில நாள் சாப்பிடாமலே நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள் என்று ஆசிரியர் சொன்னபோது கண்மணி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இந்த வருஷம்தான் மூன்று பெண்கள் அவளைத் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். ரோஷினி என்கிற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அனம் என்று ஒருத்தி, மெய் லிங் என்று ஒருத்தி. "அம்மா, எனக்கு டேபிள் கிடைச்சிருச்சு" என்று ரக்ஷனா ஓடிவந்து சொன்ன அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம். மேசை கிடைத்ததற்குப் பாயசம் வைத்த வீடு சிங்கப்பூரில் எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் கீழே கார் நிறுத்துமிடம் தாண்டிப் போய் ஒன்று பிடித்துவிட்டு, வாயில் புதினா மிட்டாய் போட்டுக்கொண்டு மேலே வந்தேன். மின்தூக்கியை விட்டு வெளியே வந்தால், எங்கள் தளத்து நடைபாதையில் ரக்ஷனா எனக்கு முதுகு காட்டி நிற்கிறாள். கையில் கைபேசி, ஸ்பீக்கரில், இந்த ஊர்ப் பழக்கத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் "லா" போடுகிற ரோஷினியின் குரல். எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேரே நின்றிருந்தாள். ஜன்னலுக்கு உள்ளே கண்மணி மறுநாள் கடைக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓய் ரக்ஷு! நாளைக்கு ரேஷியல் ஹார்மனி டே. வேப்பு உன் டர்ன். மறந்துறாத லா!"

இன நல்லிணக்க நாளன்று எங்கள் பள்ளிகளில் பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் வருவார்கள், அவரவர் வீட்டுப் பண்டத்தையும் பொருளையும் கொண்டுவருவார்கள். ரோஷினி சொன்னது அதையல்ல. வேப் என்கிற மின்சிகரெட்டை. ஹைலைட்டர் பேனா அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய், உறிஞ்சினால் மாம்பழ வாசனையில் புகை வரும். இந்த ஊரில் அதை வைத்திருப்பதே குற்றம். பிடிபட்டால் பள்ளியிலிருந்து இடைநீக்கம் வரைக்கும் போகும். ரக்ஷனா சட்டென்று ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, எனக்கு முதுகு காட்டியபடியே பின்னுக்கு நகர்ந்து மின்தூக்கியை ஒட்டிய படிக்கட்டுப் பக்கம் வந்தாள். அதனால் மீதி எனக்கு மட்டும் கேட்டது.

"காலையில பஸ் ஸ்டாப்ல தர்றேன். நீ பையில போட்டு உள்ள கொண்டு வந்துடு. உன்னைய எந்த டீச்சரும் செக் பண்ண மாட்டாங்க. நீதான் குட் கேர்ள் ஆச்சே."

"பயமா இருக்கு லா."

"நாங்க மூணு பேரும் டர்ன் முடிச்சுட்டோம். நீ மட்டும் சும்மா வந்து எங்க டேபிள்ல உக்காந்து சாப்பிடுவியா? இஷ்டம் இல்லன்னா வேற டேபிள் பாத்துக்கோ."

 என் மகளின் தோள் இரண்டும் ஒடுங்கியதைப் பார்த்தேன். அந்த நிமிஷம் நான் நாலு எட்டு வைத்திருந்தால் அவள் பக்கத்தில் போயிருப்பேன். போய் என்ன சொல்வது? விரலில் புகை நாற்றத்தை வைத்துக்கொண்டு, வாயில் மிட்டாயைக் குதப்பிக்கொண்டு, புகைபிடிப்பது கெடுதல் அம்மா என்றா?  சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து, மின்தூக்கியில் ஏறிக் கீழே போனேன். கீழே போய் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். இன்னொன்று பற்றவைத்தேன். வெட்கங்கெட்டவன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், அன்றைக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது ரக்ஷனா அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் கண்மணி முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, சேதி தெரியுமா? நம்ம புள்ளைய ஸ்கூல்ல வேப்பிலை கொண்டாரச் சொல்லியிருக்காங்க!"

"வேப்பிலையா?"

"ஆமா. நாளைக்கு வேப்பு அவ டர்னாம். அந்த ரோஷினி போன்ல சொல்லிச்சு, என் காதால கேட்டேன். பாருங்களேன், நாளைக்கு ஆடி முதல் வெள்ளி வேற. இத்தனை வருஷமா கம்ப்யூட்டர் கொண்டா, சயின்ஸ் கிட்டு வாங்கு, ஆர்ட் கிட்டு வாங்குன்னுதான் கேட்டாங்க. எங்கிட்ட இருக்கறதை ஸ்கூல்ல கேக்கறது இதான் முதல் தடவை."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "கண்மணி, அது வேப்பிலை இல்லை" என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் அவளுடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். "யாரைப் பார்த்துங்க கத்துக்கிட்டா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பேருந்தில் குடித்துவிட்டு ஏறுகிற முரடனிடம் கூடப் பயப்படாதவன் நான்.

"கடையில நாளைக்குக் கூட்டம் நெரியும், அம்மாவுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு எங்கிட்ட கேக்காம இருக்கு, பாவம்" என்றாள் கண்மணி. "நீங்க வாயைத் திறக்காதீங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். அசந்துடணும்!"

வெள்ளிக்கிழமை காலை என் பேருந்தில்தான் ரக்ஷனா ஏறினாள். அவள் பள்ளி என் தடத்தில்தான் இருக்கிறது. மாம்பழ நிறத்தில் பாவாடை, தாவணி, தலையில் கண்மணி வைத்துவிட்டுப் போன மல்லி. பயண அட்டையைத் தட்டிவிட்டு, "மார்னிங் கேப்டன்" என்று வழக்கமாகச் சொல்கிற பெண், அன்றைக்கு நேரே பின்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவளும் என்னைப் பார்த்தாள். ஏதோ எதிர்பார்ப்பது மாதிரி இருந்தது. நான் சாலையைப் பார்த்தேன்.

பள்ளி நிறுத்தத்தில் மூன்று பெண்களும் காத்திருந்தார்கள். ரோஷினி பட்டுப்பாவாடையில், அனம் மலாய்க்காரர்களின் பாஜு குரோங்கில், மெய் லிங் சீனர்களின் சியோங்சாமில். ஊர்வலத்துக்கு நிற்கிற பொம்மைகள் மாதிரி அவ்வளவு அழகு. ரோஷினியின் கையில் ஒரு டிஷ்யூ பொட்டலம். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். ரக்ஷனா இறங்கினாள். ரோஷினி பொட்டலத்தை நீட்டினாள். என் மகளின் கை பாதி உயர்ந்ததைப் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். 

சரியாக அந்த நேரம் பேருந்துக்குப் பின்னால், பேருந்து நிறுத்தத்துக்குள்ளேயே, ஒரு டாக்சி வந்து நின்றது. எனக்கு வந்ததே கோபம்! எவன்டா அறிவில்லாமல் இங்கே டாக்சியை நிறுத்துகிறவன் என்று ஹாரனை ஓங்கி அடித்தேன். டாக்சிக் கதவு திறந்தது. முதலில் ஒரு பெரிய வேப்பங்கொத்து இறங்கியது, அதற்குப் பின்னால் என் மனைவி இறங்கினாள். வருஷத்திலேயே வியாபாரம் அதிகமான நாளில், கடையை ஜலாலுதீன் பாயிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"யாரும்மா வேப்பு கேட்டது? இந்தா வேப்பு!" அந்தக் குரல் மூடிய கண்ணாடிகளைத் தாண்டிப் பேருந்துக்குள் வந்தது. நான்கு பெண்களும் சிலையாகிவிட்டார்கள்.

"அங்கிள், போலாம் லா, லேட் ஆச்சு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். பேருந்து கேப்டனுக்கு நின்று வேடிக்கை பார்க்க வசதி கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன். ரக்ஷனாவின் கை அந்தப் பொட்டலத்தை வாங்கியதா இல்லையா என்று தெரியாமல் ஊரைச் சுற்றி வந்தேன். முனையத்துக்கு வந்ததும் மஞ்சள் கட்டத்துக்குப் போகாமல் முதலில் கண்மணிக்கு போன் போட்டேன்.

"அடடா, நீங்க பார்த்திருக்கணும்!" என்றாள். "ஆளுக்கு ஒரு கொத்து குடுத்தேன். அந்தச் சீனப் பொண்ணு தலையில வெச்சுக்கிச்சு. நம்ம ரக்ஷு இருக்காளே, விழுந்து விழுந்து சிரிச்சா. வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் தரையிலயே உக்காந்துட்டா. அந்த ரோஷினிதாங்க பாவம், அழுதே போச்சு. அவ்வளவு சந்தோஷம் அதுக்கு. கையில டிஷ்யூ வெச்சிருந்துச்சு, ஆனா கண்ணைத் தொடைக்காம பைக்குள்ள திணிச்சுருச்சு. நான்தான் முந்தானையால தொடைச்சு விட்டேன்."

"யார் பைக்குள்ள?" என்றேன்.

"என்ன?"

"டிஷ்யூவை யார் பைக்குள்ள திணிச்சா?"

"மிஷினா? எனக்கெதுக்குங்க மிஷின், காது நல்லாத்தான் கேக்குது. சரி, வைங்க. இந்தப் பாய் எல்லாருக்கும் அவர் கையாலயே முழம் போட்டுக் குடுத்து என் கடையைக் காலி பண்ணிட்டாரு!"

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ரக்ஷனாவே ஆரம்பித்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்த மாம்பழப் புகைக் குழாயைப் பற்றிச் சொன்னாள், முறை வைத்துக் கொண்டுவருவதைச் சொன்னாள். தான் இதுவரை அதை வாயில் வைக்கவில்லை, வைத்த மாதிரி நடித்ததாகச் சொன்னாள்.

"நான் வாங்கியிருப்பேன்மா. கை நீட்டிட்டேன். அப்பத்தான் நீங்க வேப்பிலையோட வந்தீங்க. மாட்டிக்கிட்டோம்னு ரோஷினி அழுதுக்கிட்டே அதைத் தன் பைக்குள்ளயே திணிச்சுக்கிட்டா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்க ஆரம்பிச்சதும் பயம் போயிருச்சு. ரோஷினிகிட்ட சொல்லிட்டேன், என் டர்ன் முடிஞ்சிருச்சு லா, எங்க அம்மா கொண்டுவர்ற வேப்புதான் எனக்கு வேப்புன்னு."

 கண்மணி சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தோம். அவள் கேட்டது வேறு.

"அப்ப ஸ்கூல்ல வேப்பிலை கேக்கவே இல்லையா?"

இருபது வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை. ரக்ஷனா எழுந்து போய், அவளுடைய நல்ல காதுப் பக்கம் நின்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "யாரும் கேக்கலைம்மா. எனக்குத்தான் வேணும்னு இருந்துச்சு. எனக்கே தெரியல. மிஸ் அதை கிளாஸ் கதவுல கட்டிட்டாங்க, எல்லாரும் போட்டோ எடுத்தாங்க." கண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எல்லாத்துக்கும் ஆளுக்கு ரெண்டு அறை விட்டிருப்பேன், தெரியாம கண்ணீரைத் தொடைச்சு விட்டுட்டேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம்.

தப்பித்தேன் என்று நினைத்து ரசக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன். ரக்ஷனா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பாவுக்குத் தெரியும்."

"என்னது?" என்றாள் கண்மணி. இது மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்டுவிட்டது.

"நேத்து நான் பேசறப்ப எனக்குப் பின்னாடிதான் நின்னாங்க. திரும்பிப் பாக்கல, ஆனா சிகரெட் வாசனை வந்துச்சு. அப்பா வந்து ஏதாச்சும் சொல்வாங்கன்னு வெயிட் பண்ணேன். பஸ்லயும் வெயிட் பண்ணேன்." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. "உங்களுக்கு முதல் சிகரெட்டை யாருப்பா குடுத்தா?"

"மருதப்பன்னு ஒருத்தன். செம்பவாங்ல ஒண்ணா படிச்சோம்" என்றேன். கிண்ணம் கையிலேயே இருந்தது. "பிடிக்கலைன்னா எங்க டீம்ல பந்து விளையாட வராதேன்னான்."

"அவங்க இன்னும் பிடிக்கிறாங்களா?"

"இல்ல. அவன் விட்டுப் பத்து வருஷம் ஆச்சு."

ரக்ஷனா தட்டைத் தள்ளி வைத்தாள். "அவங்களே விட்டுட்டாங்க. அவங்க சொன்னாங்கன்னு நீங்க மட்டும் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

கண்மணி கேட்பாள் என்று நான் பயந்த கேள்வி பரவாயில்லை. அதற்கு முப்பத்து மூன்று வருஷமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.  இந்தக் கேள்விக்குக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மகள் முன்னால் அழுதேன். பிறகு மூன்று பேருமாகக் கீழே போய்ப் பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியில் போட்டோம். மறுநாள் நான் புதிது வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதையும் போட்டோம். அப்புறம் அரசாங்கப் பாலிகிளினிக்கில் போய், சிகரெட்டை விட உதவுகிற திட்டத்தில் பேர் கொடுத்தேன்.

ரக்ஷனாவுக்கு மேசை போயிற்று. ஒரு வாரம் நூலகத்தில் உட்கார்ந்தாள். கண்மணி மறுபடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டாள். இரண்டாவது வாரம் அனம் தட்டைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்துவிட்டாள். அதற்குப் பிறகு மெய் லிங்கும் வந்தாள். வேப்பிலையைப் பற்றிப் பேசிச் சிரிக்கவே அவர்களுக்கு ஒரு இடைவேளை போதவில்லையாம். ரோஷினி அந்தச் சனியனை விட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. போன சனிக்கிழமை கடைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றாளாம். கண்மணி ஒன்றும் கேட்காமல், "பாய், இந்தப் பொண்ணுக்கு ஒரு முழம்" என்று கூப்பிட்டாளாம்.

இன்றைக்கு எனக்கு நாற்பத்தோராவது நாள். சட்டைப் பையில் பாக்கெட் இருந்த இடத்தில் தினமும் காலையில் கண்மணி ஒரு வேப்பங்கொழுந்தைச் செருகி அனுப்புகிறாள். பற்றவைக்கத் தோன்றும்போது ஒரு இலையைக் கடிக்கிறேன். கசப்பில் கண்ணில் தண்ணீர் வருகிறது, எரிச்சலும் வருகிறது, பயணிகள் மேல் எரிந்து விழுகிறேன். முனையத்துக்கு வெளியே மஞ்சள் கட்டத்திலிருந்து என் நண்பர் ஒலி முகம்மது இன்றைக்கும் கூப்பிட்டார்.

"பரமு! எங்க ஓடி ஒளியறே? இன்னிக்கு உன் டர்ன்!"

கோட்டுக்கு வெளியே நின்று, பையிலிருந்த கொழுந்தை எடுத்து நீட்டினேன். "இந்தா வேப்பு" என்றேன்.